நாலு விரல் தாழ்ந்த ஆஸ்டின்

ஸ்ரீராம்புரத்தில் அந்தச் சந்து முழுக்கக் கார் வைத்திருந்த ஒரே ஆள் நோயல். அந்தக் காரில் ஏற முடியாத ஒரே ஆள் அவன் மனைவி பியாட்ரிஸ்.

கார் வந்த கதை சின்னது. நோயல் ஒரு வெள்ளைக்கார துரையிடம் டிரைவராக இருந்தான். சுதந்திரம் வந்த மறுவருஷம் துரை கப்பலேறினார். போகும்போது, "நோயல், யூ டேக் இட்" என்று மூக்கால் சொல்லி பழைய ஆஸ்டின் வண்டியின் சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அதை வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடந்தது.

பியாட்ரிஸுக்கு முதுகெலும்பில் காசநோய். ரொம்ப நாள் மாவுக்கட்டோடு மல்லாந்து கிடந்தாள். அந்த வருஷம்தான் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் தபால் முத்திரை குத்துவதுபோலப் பேசுகிறவர். "நடக்கலாம். குனியக் கூடாது. குலுங்கவே கூடாது. போங்க."

அவளுக்கு ஒரே ஆசை. சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்த் தேரைப் பார்க்க வேண்டும். ஆனால் கார்ப் படி வரைக்கும் கால் தூக்க வரவில்லை. முயன்று பார்த்தாள். கால் அந்தரத்தில் நின்றது. படிக்கும் பாதத்துக்கும் நாலு விரல் இடைவெளி.

"நான் தூக்கி உட்கார வெக்கிறேன்" என்றான் நோயல்.

"என்ன தூக்கி வெக்க நான் என்ன அரிசி மூட்டையா? எல்லாரும் சேந்து தூக்கற நாள் தானா வரும். அது வரைக்கும் நானே ஏறிக்கறேன்."

அவளால் காலை உயர்த்த முடியாதென்றால் காரைத் தாழ்த்த வேண்டியதுதான் என்று நோயல் முடிவு செய்தான். சிவாஜிநகரில் மெக்கானிக் முனிகிருஷ்ணனின் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். முனிகிருஷ்ணன் வாயில் எப்போதும் ஒரு நட்டோ போல்டோ இருக்கும். வார்த்தைகள் அதைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வரும்.

"கடைல ரெடிமேட் ஸ்பிரிங் கெடைக்குது அண்ணா, தட்டையா. வண்டி எறங்கிடும். ஆனா கல்லு மாதிரி இருக்கும், ஜட்கா தேவலாம்."

"வேணாம். வேற?"

"இருக்கற ஸ்பிரிங்ல பிளேட்டு அடுக்கடுக்கா இருக்குல்ல, சக்கரத்துக்கு ரெண்டு உருவிடலாம். நாலு விரல் எறங்கும், பஞ்சு மாதிரி இருக்கும். ஆனா கீழ எடம் இருக்காது. பள்ளம் வந்தா சக்கரத்து அச்சு போயி வண்டிச் சட்டத்துல முட்டும். நான் என்ன சொல்றேன்னா, இதையே கொஞ்சம் தட்டி ரெண்டு விரல் எறக்கறேன். மீதிக்கு ஒரு மணைக்கட்டை போட்டுடுங்க. அண்ணி அது மேல கால வெச்சு ஏறட்டும்."

"மணை போட்டு ஏத்தறதும் தூக்கி வெக்கறதும் ஒண்ணுதான்டா அவளுக்கு. பிளேட்ட உருவு. பள்ளத்த நான் பாத்துக்கறேன். துரை பின்னாடி டீ குடிச்சுட்டே வருவாரு, ஒரு சொட்டு சிந்தினதில்ல."

முனிகிருஷ்ணன் நட்டை இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னத்துக்கு மாற்றினான். அவ்வளவுதான் அவன் மறுப்பு.

சந்தில் ஜட்கா காலத்து வழக்கம் ஒன்று உண்டு. ஷெட்டிலிருந்து வண்டி வந்தால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். பிறகு அக்கம்பக்கத்துக்காரர்களை ஏற்றி ஒரு சுற்று போய்வர வேண்டும். நோயல் ஓட்டினான். பக்கத்தில் முனிகிருஷ்ணன். பின்னால் எதிர்வீட்டு லட்சுமம்மாவும், அவளை நசுக்கிக்கொண்டு இன்னும் சிலரும். முன்னால் மெத்தென்று போனது. பின்னால் அவ்வப்போது 'டொக்' என்று கேட்டது. கேட்கும்போதெல்லாம் பின்சீட்டே சிரித்தது.

"எப்படி இருக்கு லட்சுமம்மா?"

"சென்னாகிதே நோயலு, நல்லா இருக்கு. தொட்டில் மாதிரி இருக்கு. தூக்கமே வருது."

அவள் பொய் சொல்லவில்லை. ஜட்காவில் பல் ஆடிப் பழகியவள். காரில் ஏறியது அன்றுதான் முதல் தடவை.

திருவிழா அன்று பியாட்ரிஸ் நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சந்தே வாசலில் நின்றது. காரின் பின்கதவைப் பிடித்தாள், காலைத் தூக்கினாள், படியில் வைத்தாள், ஏறி உட்கார்ந்தாள். யார் கையும் படவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "ம், எடுங்க" என்றாள், துரைசாணி மாதிரி. நோயலுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரயில்வே கேட்டில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனான். முன் சக்கரம் தண்டவாளத்தை மெத்தென்று தாண்டியது. பின் சக்கரம் இறங்கியபோது, டொக்.

"சரியா இருக்கியா?"

"ம்."

மார்க்கெட் ரோட்டில் இன்னும் இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு தடவையும் அவன் கேட்டான். ஒவ்வொரு தடவையும் "ம்" சிறிதாகிக்கொண்டே வந்தது.

கோயில் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தான். இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி, உடம்பைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"எறங்கலாமா?"

"இங்கயே இருக்கேன். கண்ணாடிய மட்டும் எறக்கி விடுங்க."

தேர் வந்தது. கூட்டத்துத் தலைகளுக்கு நடுவே மாதாவின் கிரீடம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "திரும்பறதுக்கு வேற ரோடு இருக்கா?"

இருந்த ரோடெல்லாம் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போனது.

வீட்டு வாசலில் அவன் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் டாக்டர் முத்திரை குத்தினார். "மறுபடி மாவுக்கட்டு. எப்ப பிரிக்கறதுன்னு இப்ப சொல்ல முடியாது."

நோயல் நேரே ஷெட்டுக்குப் போனான்.

"அன்னிக்கு ஒரு சுத்து போனப்ப நானும் உங்க பக்கத்துலதான அண்ணா இருந்தேன்" என்றான் முனிகிருஷ்ணன். வாயில் நட்டு இல்லை. "மெத்துன்னுதான போச்சு."

"முன்னாடி."

முனிகிருஷ்ணன் உருவி வைத்திருந்த பிளேட்டுகளை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனான்.

"பிளேட்ட அப்புறம் மாட்டலாம்" என்று சாவியை நீட்டினான் நோயல். "நீ ஓட்டு."

அவனே பின்கதவைத் திறந்து, பியாட்ரிஸ் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தான். இத்தனை வருஷமாக அந்த சீட்டைத் துடைத்திருக்கிறான். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கேட் வந்தது. முன்னால் மெத்தென்று தாண்டியது. பின்னால் இரும்பு இரும்பில் முட்டி, அந்த அடி சீட்டுக்கடியிலிருந்து முதுகெலும்பு வழியாகப் பிடரிக்கு ஏறியது. காசநோய் இல்லாத உடம்புக்கே கண் இருட்டியது.

முனிகிருஷ்ணன் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "போதும் அண்ணா. ஷெட்டுக்குப் போலாம்."

"மார்க்கெட் ரோட்டுக்கு விடு" என்றான் நோயல். "அப்புறம் இங்க திரும்பி வரணும். அவள இதே வழியாத்தான் கூட்டிட்டு வந்தேன்."

முனிகிருஷ்ணன் கியரைப் போட்டான்.