தெரு மாறிய கொலு

மயிலாப்பூரில் பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பது நமக்குத் தெரியாமல் இருக்காது. அப்படிப்பட்ட தெருவில், பூட்டிக் கிடந்த பங்களாவின் மதிலோரமாக ஒரு பழைய வேனை நிறுத்தி, புருஷனும் பெண்டாட்டியும் அதிலேயே குடித்தனம் நடத்தினால் ஹம்சாவுக்குத் தலை வெடிக்காதா? அவள் வீடு நேர் எதிரே. ஜன்னல் வழியாக அந்த வேனைப் பார்த்துக்கொண்டேதான் தோசை வார்த்தாள். அதில் பாதி கருகியது.

கல்யாணராமன் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் மாற்றல், ஊர் ஊராக வாடகை வீடு. ஓய்வுப் பணத்தில் ஃபிளாட் வாங்குவார் என்று உறவெல்லாம் காத்திருக்க, மனிதர் சைதாப்பேட்டை ஷெட் ஒன்றில் தூசி படிந்து கிடந்த வேனை வாங்கினார். ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரர் யாரோ அறுபதுகளில் விட்டுப்போனதாம். உள்ளேயே அடுப்பு, மடக்குக் கட்டில், அலமாரி எல்லாம் உண்டு. அவர் மனைவி அபயாம்பாள் இதற்குச் சம்மதித்தாள் என்பதைத்தான் ஹம்சாவால் நம்ப முடியவில்லை.

குளியல் எங்கே? பங்களாவின் தோட்டத்துக் குளியலறையில், காவல்காரர் தயவில். இதை ஹம்சா முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். கோலம்? வேன் கதவுக்கு நேரே, தெருவிலேயே. தண்ணீர் வராத நாட்களில் தெரு முழுக்கக் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும். இவர்களோ வேனை ஓட்டிக்கொண்டு அடையாறு பக்கம் போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஹம்சாவுக்கு வயிற்றெரிச்சல்கூட வந்தது. ஆனால் உள்ளே எப்படித்தான் இருக்கும்? போய்ப் பார்க்கத்தான் கூச்சம்.

நவராத்திரி வந்தது. அபயாம்பாள் குங்குமச் சிமிழோடு வீடு வீடாக ஏறி, கொலு வைத்திருக்கிறேன், அவசியம் ஆத்துக்கு வரணும் என்று அழைத்தாள். வருகிறோம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தியும் போகவில்லை. சக்கரத்து மேல் இருப்பதெல்லாம் ஒரு ஆம், ஒரு வீடா, அங்கே எங்கே உட்கார்ந்து பாடுவது என்று தெரு சிரித்தது. ஹம்சாவும் சேர்ந்துதான் சிரித்தாள். சாயங்காலமானால் அந்த மாமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து, வண்ண விளக்குகளுக்கு நடுவே தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கடைசியில் சுண்டல் முழுக்கக் காவல்காரருக்குப் போகும். பார்க்கப் பார்க்க ஹம்சாவுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இருந்தும் முதல் ஆளாகப் போகத் தைரியம் வரவில்லை.

ஐந்தாம் நாள் மாலை, பெண்கள் எல்லாம் சீவிச் சிங்காரித்துக் கொலு பார்க்கக் கிளம்பிய நேரத்தில், தெருவுக்குத் தார் போட ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"வண்டிய எட்துடு அய்ரே. ரோலரு வந்துகினு கீது" என்றார் மேஸ்திரி.

கல்யாணராமன் சாவியைத் திருகினார். வேன் மூச்சு விடவில்லை. கொலுவின் வண்ண விளக்குகள் அத்தனையையும் வேன் பேட்டரியிலிருந்துதான் எரித்திருந்தார், புண்ணியவான். இனித் தள்ளித்தான் ஆக வேண்டும். தள்ளினால் பொம்மைகள் உருளும். இறக்கி வைத்துவிடலாம் என்று அவர் இழுத்தார். அபயாம்பாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"விஜயதசமிக்கு முன்னாடி கொலுவைக் கலைக்கப்படாது. அதுலயும் ஒருத்தர்கூட வந்து பாக்காத கொலுவை நான் கலைக்க மாட்டேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பட்டுப்புடவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஹம்சாவுக்கு முகம் சுட்டது. செருப்பை உதறிவிட்டு விறுவிறுவென்று போய் வேனில் ஏறினாள்.

"பொம்மையை நான் புடிச்சுக்கறேன் மாமி. நீங்க கலசத்தைப் பாத்துக்கோங்கோ. கொலு அங்கேயே இருக்கட்டும், ஆம் நகரட்டும்."

அதற்கப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தனை பேரும் தார் போடும் ஆட்களோடு சேர்ந்து தள்ள ஆரம்பித்தார்கள். உள்ளே ஹம்சா கொலுவின் மூன்று படிகளையும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, செட்டியார் பொம்மையை மோவாயால் தாங்கிக்கொண்டு, கண்ணை மட்டும் சுழலவிட்டாள். மரப்பலகைச் சுவர் முழுக்க ஆணிகள். சாமி படம், காலண்டர், கல்யாண ஃபோட்டோ, கரண்டி, பை என்று ஆணிக்கு ஆணி ஏதோ தொங்கியது.

"எந்த வீட்டுக்காராளும் ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை" என்றாள் அபயாம்பாள், கலசத்திலிருந்து கையை எடுக்காமல்.

அடுத்த தெருவில் வேன் நின்றது. ஒரு பொம்மைகூட விழவில்லை. வேர்த்து விறுவிறுத்து நின்றவர்களை அபயாம்பாள் இரண்டிரண்டு பேராக உள்ளே அழைத்து, குங்குமம் கொடுத்து, சுண்டலும் கொடுத்தாள். இடமில்லாதவர்கள் தெருவில் நின்றே பாடினார்கள்.

கடைசியாக இறங்கிய ஹம்சா, தான் ஏறிய தெரு இதுவல்ல என்பதைக் கண்டு ஒரு நிமிஷம் விழித்தாள்.

"அடுத்த வருஷம் உங்காத்துக் கொலுவுக்கு எங்க வரது மாமி?"

'உங்காத்து' என்று அந்தத் தெருவில் யாரும் சொல்லி அபயாம்பாள் கேட்டதில்லை.

"இத்தனை வருஷமா யார் யார் ஆத்துலயோ கொலு வெச்சாச்சு" என்றாள். "இனிமே ஆம் இதுதான். தெருவை மட்டும் விசாரிச்சுண்டு வா."