ஐந்து வட்டங்களும் அரை மாத்திரையும்

கருத்துக்கணிப்பு அளவுகோலில் ஐந்து புள்ளியா ஏழு புள்ளியா, நடுவில் 'சொல்லத் தெரியவில்லை' வேண்டுமா வேண்டாமா என்று புள்ளியியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். கொல்லிமலையில் அந்தச் சண்டைக்கு வேலையே இருக்கவில்லை. அரியூர் நாடு எனப்படும் பகுதியின் ஒரு சிற்றூரில் மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு தாளிலும் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட வட்டங்கள். 'மிகவும் அதிருப்தி'யில் தொடங்கி 'மிகவும் திருப்தி'யில் முடியும். ஊர் முழுக்க ஐந்தாவது வட்டத்தைத்தான் தொட்டுக் காட்டியது.

கேள்வி, நடமாடும் மருத்துவ வண்டியைப் பற்றியது. வண்டி பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும், பத்து நாளுக்கு மாத்திரை கொடுக்கும். வாரம் ஒருமுறை வர வேண்டும் என்று ஊரார் மனு எழுதியிருந்தார்கள். தேவைதானா என்று பார்த்துச் சொல்வது எங்கள் குழுவின் வேலை.

மனுவில் முதல் கையெழுத்து ஒரு அக்காவுடையது. ஐம்பதை நெருங்கும் வயது, ரத்த அழுத்தம், போன வருடம் மிளகுத் தோட்டத்தில் மயங்கி விழுந்தவர். நான் போன அன்று வண்டியை முக்கால் மணி நேரம் திட்டினார். நேரத்துக்கு வருவதில்லை, வந்தால் நிற்பதில்லை, கொடுக்கிற மாத்திரை போதுவதில்லை. எழுதி எழுதி என் கை வலித்தது. கடைசியில் தாளை நீட்டினேன். வெற்றிலைக் கறை படிந்த விரலால் ஐந்தாவது வட்டத்தை அழுத்தினார். 'மிகவும் திருப்தி'.

தாள்களைப் படமெடுத்து நாமக்கல்லில் இருந்த குழுத் தலைவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"எல்லாரும் இவ்வளவு சந்தோஷமா இருக்காங்களேம்மா. அப்புறம் எதுக்கு இன்னொரு நாள்? தேவையில்லைன்னு எழுதி முடிச்சிடலாம்."

வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். பொறுத்தார். நான்கு நாள் இருந்தது.

மறுநாள் நேராக அந்த அக்காவிடம் போனேன்.

"அக்கா, அத்தனை திட்டிட்டு அஞ்சை ஏன் தொட்டீங்க?"

"ஏங்கண்ணு, அஞ்சுக்கு அஞ்சு போட்டாத்தான நீ பாஸாவே? மேட்டேறி வேர்க்க விறுவிறுக்க வந்திருக்கறே. பெயிலாக்கியா அனுப்பறது?"

மதிப்பெண் எனக்குப் போட்டிருக்கிறார்கள். ஊர் மொத்தமும் சேர்ந்து என்னைத் தேர்ச்சி பெற வைத்திருக்கிறது. என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல முடிவு எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. ஆனால் அவருடைய மனு அதில் பெயிலாகிவிட்டது. அதைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது.

"அட, இது தெரியாமப் போச்சே. அப்ப வண்டி வராதா?"

"வேற மாதிரி கேட்டுப் பார்க்கலாங்கக்கா."

எண்களை எடுத்துவிட்டு முகங்களை வரைந்தேன். அழும் முகத்தில் தொடங்கிச் சிரிக்கும் முகம் வரை ஐந்து. அழும் முகத்தை ஒருவரும் தொடவில்லை. "காலங்காத்தால அழுவுற மூஞ்சியத் தொட்டா அந்த நாளு வெளங்குமா?" என்றார் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி. ஒரு பெரியவர் மட்டும் இரண்டாவது முகத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆவலோடு காரணம் கேட்டேன். "அச்சு அசலா எங்க மச்சான் மாதிரியே இருக்கறானுங்க" என்றார்.

அடுத்து ஏணி. மிளகு பறிக்கிற ஊராயிற்றே, ஏணியை யாருக்கும் விளக்க வேண்டாம் என்று ஐந்து படி வரைந்து, "உங்க திருப்தி எந்தப் படியில நிக்குது?" என்றேன். ஒருவர் விடாமல் நான்காம் படியைக் காட்டினார்கள். ஐந்திலிருந்து இறங்கிவிட்டார்களே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. அக்காதான் அதைக் கெடுத்தார்.

"உச்சிப் படியில எவனாச்சும் நிப்பானா சாமி? கைக்குப் புடிமானம் வேண்டாமா? அதுக்குக் கீழ்ப்படிதான் நெலையா நிக்கும்."

ஊர் எனக்கு ஏணிப் பாதுகாப்பைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. நோட்டில் மூன்று வரி எழுதினேன். எண்: தோல்வி. முகம்: தோல்வி. ஏணி: நேர்மையான பதில், தவறான கேள்வி.

வியாழன் காலை கேள்வி எதுவும் இல்லாமல் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேகவைத்த குச்சிக்கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு, ஒரு டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்தார். பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினார். சரிபாதி. ஒரு பாதி வாய்க்கு, மறு பாதி டப்பாவுக்கு.

"என்னக்கா இது?"

"மொத அஞ்சு நாளு முழுசு. அப்பறம் பத்து நாளு அரை. வண்டி வர்ற வரைக்கும் சரியா வந்துருதல்ல?"

மிகத் துல்லியமான கணக்கு. அவர் மயங்கி விழுந்ததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

"மத்தவங்களும் இப்படித்தானா?"

"பக்கத்தூட்டுக்காரியா? தீந்ததும் எங்கிட்ட வந்து கேப்பா. மேலூட்டுக்காரரு ஒரு நாள் வேலைய உட்டுப்போட்டு பஸ்ஸேறி செம்மேட்டுக்குப் போயி வாங்குவாரு. சிலபேரு தீந்தா தீந்ததுதான்னு சும்மா இருந்துருவாங்க."

நான் கிழங்கைத் தின்பதை நிறுத்தினேன். திருப்தியைப் பற்றிக் கேட்டால் விருந்தாளிக்கு ஏற்ற பதில்தான் வரும். மாத்திரை தீர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் போதும். பதில்களும் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டன: தீரவில்லை, செம்மேட்டுக்குப் போய் வாங்கினேன், பக்கத்தில் கேட்டு வாங்கினேன், பாதியாக்கிப் போட்டேன், போடவே இல்லை.

அன்று மாலைக்குள் ஊரை முடித்தேன். ஒருவரைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. அந்த ஊரில் தனியாக யாரும் இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கௌரவமாக 'தீரவில்லை'யைத் தொடப் போனபோது அக்கா உள்ளே புகுந்தார்.

"ஏன்டி, போன திங்கக்கெழம எங்கிட்ட ரெண்டு வாங்கிட்டுப் போனது உன்ற ஆவியா?"

"அதயும் எழுதிப்போடு கண்ணு" என்று பக்கத்து வீட்டுக்காரி விரலை நகர்த்தினார். எழுதிப்போட்டேன். விதியை மீறியதையும் அறிக்கையில் ஓரமாகக் குறித்தேன்.

தலைவருக்கு முதலில் பிடிக்கவில்லை.

"அளவுகோல் எங்கம்மா? இது மாத்திரைக் கதையால்ல இருக்கு."

"மேலிருந்து கீழ வரிசையாத்தான் சார் இருக்கு. முழு மருந்துல ஆரம்பிச்சு மருந்தே இல்லாததுல முடியுது. எண்ணிப் பாருங்க, அஞ்சேதான்."

எண்ணினார். ஐந்து இருந்தது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். 'தீரவில்லை' என்ற முதல் கட்டத்தில் அநேகமாக யாருமே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தார். "சரிம்மா, தேவைன்னே எழுதிடலாம்" என்றார்.

அடுத்த மாதம் முதல் வண்டி வாரா வாரம் வரும் என்று செய்தி வந்தபோது, அதை நானே சொல்ல வேண்டும் என்று போனேன். அக்கா தார்ப்பாயில் மிளகு காய வைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். சொன்னேன். சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கினார்.

"வாரா வாரம் வந்தா மாத்திரைய ஏழு நாளைக்குக் கொறச்சுப்போடுவாங்களா?"

அதை நான் கேட்டிருக்கவில்லை. அங்கேயே நின்று போன் செய்தேன். தலைவர் யாரையோ கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். அதே பத்து நாள்தான்.

"அப்ப வாரத்துக்கு மூணு மிச்சம்" என்றார் அக்கா. "மூணு வாரம் சேத்து வெச்சா, மழையில ஒரு வாரம் வண்டி வராட்டியும் முழுசாப் போடலாம்."

இப்போதுதான் சிரித்தார். பிறகு, மிளகை மிதிக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார்.