ஜன்னல் இல்லாத ரேடியோ அறை

இன்று ராயபுரத்தில், பார்வையற்ற இளைஞர்களுக்கு வேலைகளை அறிமுகப்படுத்தும் கோடை முகாமில் பேசினேன். துறைமுகத்தில் கப்பல்களோடு ரேடியோவில் பேசுவது என் பழைய வேலை. குறிப்பெழுதிப் போயும் தடுமாறினேன்.

முகாமுக்கு வந்திருந்த வியாசர்பாடி ரேவதி கேட்டாள்: "கப்பல பாத்துகினே பேசுவீங்களா சார்?"

"இல்லம்மா. எங்க ரூமுக்கு ஜன்னலே கிடையாது."

"அப்போ நானும் செய்லாம்ல?"

"கப்பல்ல சொல்றதையெல்லாம் உடனே எழுதணுமே..."

"கம்ப்யூட்டர்ல டைப் அடிப்பேன் சார். வேற இன்னா கீது?"

"வேற ஒண்ணுமில்ல, செய்யலாம்மா" என்றேன்.

"ஹார்பர் வேலைன்னா எங்க நைனா ஒத்துக்காது. நீங்களே வூட்டுக்கு வந்து சொல்லிடுங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன்.

நான் கேப்டன்களிடம்கூட முகம் பார்க்காமலே பேசிப் பழகியவன். அவள் நைனாவின் எதிரே உட்கார்ந்து எப்படிப் பேச்சைத் தொடங்குவது? பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது சொல்லுங்களேன்.