அவர் பங்குச் சோறு

என் கணவரை அவருடைய கம்பெனி குஜராத்தில் இருக்கும் தொழிற்சாலைக்கு மாற்றியபோது, குருபரப்பள்ளி வாடகை வீட்டில் நானும் ஒரு வெள்ளாடும் மிஞ்சினோம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவரே பார்த்து வாங்கிய ஆடு. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு அங்கே சொந்தம் என்று யாரும் இல்லை.

அவர் போன பிறகும் கை பழக்கத்தில் இரண்டு பேருக்கே அரிசி களைந்தது. அவர் பங்குச் சோற்றைக் கொட்ட மனம் வராமல் ஆட்டுக்கு வைத்தேன். அது ஆசையாகத் தின்னும். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இன்னொருவர் சாப்பிடுகிறார் என்பதே அப்போது ஆறுதலாக இருந்தது.

சில வாரங்களில் ஆடு புல்லை மோந்துவிட்டு ஒதுங்கியது. புழுக்கை இளகி, அதில் புல் துணுக்குகள் செரிக்காமல் கிடந்தன. பிறகு அசைபோடுவதையே நிறுத்திவிட்டது.

கால்நடை டாக்டரம்மா வந்து இடது வயிற்றை அழுத்தினார். உள்ளே தண்ணீர் தளும்பியது. என்ன போடுகிறேன் என்று கேட்டார். தயங்கிச் சொன்னேன்.

"புல்லுல இருக்கற நாரை ஆடு தானா செரிக்கறதில்லமா. வயித்துக்குள்ள நுண்ணுயிருங்க இருக்குது, அதுங்கதான் செரிக்குது. சோறு சாஸ்தியானா வயிறு புளிச்சிப் போவும். அந்தப் புளிப்புல அதுங்க செத்துடும். நம்ம வெயில்ல வளர்ற புல்லு வேற முரட்டு நாரு. அப்படியே தங்கிடும்."

சோடா உப்பு கலந்த மருந்தைப் புகட்டி, ஊசி போட்டார். இனிமேல் சோறு கூடாது, காய்ந்த புல் போதும், மென்று அசைபோடும்போது ஊறும் எச்சிலே புளிப்பைத் தணிக்கும் என்றார்.

அன்று முதல்முறையாக ஒரு ஆளுக்கு உலை வைத்தேன். பாத்திரம் பெரிதாகத் தெரிந்தது.

அவரிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அங்கே தினமும் ரொட்டிதான் என்றார்.

மூன்றாம் நாள் காலை ஆட்டின் தொண்டையில் ஒரு உருண்டை மேலேறியது. தாடை பக்கவாட்டில் அசைந்தது. உடனே அவரைக் கூப்பிட்டு, போனை ஆட்டின் வாயருகே பிடித்தேன்.

"கேக்குதாங்க?"

"கேக்குது. எடுத்துறாத, இன்னுங் கொஞ்ச நேரம் வச்சிரு."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அங்கே யாரோ அவரை அழைக்கும் வரை வைத்திருந்தேன்.