இரண்டு பாப்பா வீடு

தூளி ஆட்டும் உத்தியோகத்தில் லீவும் கிடையாது, ராஜினாமாவும் கிடையாது. தங்கை பிறந்த அக்காமார்களே, உங்களுக்குத் தெரியாததா?

பள்ளிக்கூடத்தில்தான் நான் விசாலாட்சி. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குள் பதினான்கு வருஷமாக நான்தான் 'பாப்பா'. அந்தப் பட்டத்தை ஒருத்தி பிறந்த அன்றே பிடுங்கிக்கொண்டாள். எனக்கோ கைவசம் ஒரே ஒரு வித்தை: யார் குரலானாலும் அச்சாக வரும்.

நுரைப் பால்

பால்காரர் மாட்டை வாசலில் கட்டிக் கறப்பார். முதல் பீச்சு என் லோட்டாவில்தான் விழும். நுரை மூக்கில் ஒட்டும். தங்கை பிறந்த மூன்றாம் நாள் வழக்கம்போல் நீட்டினேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நவுரு கண்ணு, பாப்பாவோட அம்மாவுக்குக் கறந்தப்புறம் மிச்சம் கீதான்னு பாக்கலாம்."

அழுகைப் போட்டி

குழந்தையைக் குளிப்பாட்ட வரும் கன்னியம்மா, காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவிவிட்டு, சாம்பிராணிப் புகை காட்டித் தூங்கப் பண்ணிவிட்டாள். அம்மா பத்தியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள். நான் அரிசி மூட்டை அடுக்கிய உக்கிராண உள்ளுக்குள் ஒளிந்துகொண்டு, "ங்கா... ங்கா..." என்று தங்கை மாதிரியே அழுதேன். அம்மா எச்சில் கையோடு ஓடினாள், தூளிக்கு. என் சத்தத்தில் நிஜக் குழந்தையும் விழித்துக்கொண்டு வீறிட்டது. சாயங்காலம் வரை தூளி என் தலையில்.

கன்னியம்மா மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அது பசிக்கு அழுவுது, நீ இன்னாத்துக்குமா அழுவுறே?"

காதில் மூன்று தரம்

பதினொன்றாம் நாள் பெயர் வைத்தார்கள். அவளுக்கு ஒரு பெயர் வந்துவிட்டால் 'பாப்பா' எனக்கே திரும்பிவிடும் என்று விரலை மடக்கிக் காத்திருந்தேன். அத்தை குழந்தையின் காதில் "காமாட்சி" என்று மூன்று தரம் சொன்னாள். உடனே நான் கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை குரலில், "இனிமே எல்லாரும் காமாட்சின்னுதான் கூப்பிடணும், சொல்லிட்டேன்" என்றேன். அத்தைகூடத் தானே சொல்லிவிட்டதாக நினைத்துத் தலையாட்டினாள்.

அப்பா கையை நீட்டினார். "பேஷா கூப்பிட்டாப் போச்சு. இப்போ பாப்பாவை இப்படிக் கொடு."

மூன்றாவது வாரம்

மத்தியானம். அம்மா அசதியில் கண்ணயர்ந்திருந்தாள். தூளிக்குள் சிணுங்கல். அது யாரைக் கூப்பிடுகிறதோ அவர்களே போகட்டும் என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"பாப்பா, பாப்பா அழறா பாரு."

அதில் முதலில் வந்த பாப்பா நான்தான் என்பதால், அன்றைக்கு மட்டும் தூளியைக் கொஞ்சம் பதமாகவே ஆட்டினேன்.