கறுப்புத் திரையில் ஐந்து பெயர்கள்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில், சிம்மக்கல்லில் ஒரு மருந்துக் கடை மாடியில் வேலை பார்த்தேன். ரத்தம் கொடுக்க முன்வருபவர்களின் பட்டியலைப் பராமரிக்கும் சின்ன அலுவலகம். திருவாதவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான்.

ஒரு மத்தியானம் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும். பட்டியலைத் தேடும் புரோகிராமைத் திறந்தேன். ஒரு பெயர்கூட இல்லை. அன்று காலையில்தான் அதை எழுதிக் கொடுத்தவர் வந்து புதிதாக மாற்றிவிட்டுப் போயிருந்தார். அவர் போனை எடுக்கவில்லை.

"அம்புட்டும் அழிஞ்சு போச்சா?" மேலாளர் என் மேசைக்கு ஓடி வந்தார்.

"இருங்க சார், சர்வர்கிட்டயே கேட்டுப் பாக்குறேன்."

பட்டியலெல்லாம் சேமித்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டருக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் முறையை ஆரப்பாளையத்தில் சாயங்கால வகுப்பில் படித்திருந்தேன். கறுப்புத் திரையைத் திறந்து, பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனேன். 'ஷோ டேட்டாபேசஸ்' என்று தட்டினேன். பதில் இல்லை; அடுத்த வரியில் ஓர் அம்புக்குறி மட்டும் நின்றது. பதற்றத்தில் கடைசி அரைப்புள்ளியை விட்டிருந்தேன். அதைப் போட்டதும் சர்வரில் இருந்த டேட்டாபேஸ்களின், அதாவது தகவல் தொகுப்புகளின், பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. ஐந்து. அதில் எங்கள் பழையதும் இருந்தது! புரோகிராம் காலையில் உருவான, ஒன்றுமே இல்லாத புதியதற்குள் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

"இருக்கு சார்!" கத்திவிட்டேன்.

பழையதற்குள் போய் ஓ நெகட்டிவ்காரர்களை எடுத்தேன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பக்கத்து மேசைத் தோழி, நான் வாசிக்க வாசிக்க எண்களைச் சுழற்றினாள். நான்காவது ஆள் ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருந்தவர். "இந்தா வாரேன்க்கா" என்று ஆட்டோ பிடித்துப் போனார். சாயங்காலம் தாயும் பிள்ளையும் நலம் என்று தகவல் வந்தபோது தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சர்வர் இனிமே உன் பொறுப்பும்மா" என்றார் மேலாளர்.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மிஷினே இல்லேன்னுச்சு, நீ இருக்குன்னு காட்டிட்டியா?"

அந்தச் சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "என் பேரையும் ஏத்து ஆத்தா." ஏற்றினேன். எழுத்துக் கூட்டத் தெரியாதவர், தன் பெயர் என்று நான் காட்டிய வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். இறங்கிப் போகும்போது மருந்துக் கடைக்காரரிடம் அவர் சொன்னது மாடிவரை கேட்டது.

"மேல சர்வரைப் பாக்குறது எம் மகதாண்ணே."