மகளின் குரலுக்கு ஒரு பட்டியல்

என் கணவர் துளசிராமுக்குப் போன்தான் தொழில். தெற்கு மாசி வீதியில் ஒரு சுங்குடிச் சேலை மொத்தக் கடையில் இருபது வருடம் போன் மேஜையில் இருந்தார். சேலத்துக்காரர்களிடம் தமிழ், விஜயவாடாக்காரர்களிடம் தெலுங்கு, பரமக்குடிக்காரர்களிடம் எங்கள் சௌராஷ்டிரப் பேச்சு. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் சேலையை விரித்துக் காட்டியபடி பேசுவார், மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியும் என்பதுபோல. லைன் எவ்வளவு கரகரத்தாலும் "கேக்கல" என்று சொல்லமாட்டார். அப்படிச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவான் என்பார்.

1998 ஆடியில் அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் பிழைத்தார். இரண்டு காதும் போய்விட்டன. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. முதலாளி நல்லவர். வேலையை விட்டு நிறுத்தாமல் பார்சல்களில் விலாசம் எழுதப் போட்டார். போன் மேஜை இருந்த அதே ஹாலில், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினார்.

நான்கு வருடம் நோட்டில் எழுதித்தான் அவரோடு பேசினோம். பிறகு சென்னையில் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் நடந்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் இயந்திரத்தை முதல்முறை முடுக்கிவிட்ட அன்று, எல்லோரும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதாகச் சொன்னார். ஆறு மாதத்தில் தகரம் போய் மனிதக் குரல் வந்தது. ஆனால் எதிரே முகம் தெரியவேண்டும். கூட்டம் என்றால், பேசுகிறவர் சட்டையில் குத்திக்கொள்ள ஒயரோடு ஒரு சின்ன மைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் மகள் ரம்யாஸ்ரீ கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் அதை வாங்கி, ஆளுக்கொரு தரம் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். விஷயம் ஒன்றும் பேசவில்லை.

ரம்யா புனேவுக்குப் போனாள். ஞாயிறு ஏழு மணிக்குப் போன் செய்வாள். அவள் சொல்வதை நான் கேட்டு, அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொல்வேன். பதிலை அவரே ரிசீவரில் சொல்வார். அவள் அழுதபடி சொன்னதை நான் அழாமல் சொன்னேன். சிலவற்றை விட்டுவிட்டேன். மாமியார் வீட்டில் அவளுக்கு ஆகவில்லை என்பதை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு ஞாயிறு போனை வைத்ததும் கேட்டார். (எங்கள் பேச்சில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.)

"சுந்தரா, நீ சொல்றதெல்லாம் அவ சொன்னதா, இல்ல நீ சொல்றதா?"

நான் போன் மேல் துணியை இழுத்து மூடினேன்.

"எனக்கு அவ பேசுறது கேக்கணும். நடுவுல ஆள் வேண்டாம்."

அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அவருடைய இயந்திரத்தில் போனுக்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதைத் தள்ளினால் வெளிச்சத்தம் நின்று போனில் வருவது மட்டும் கேட்கும். மாப்பிள்ளை கார்த்திகேஷ் ஆசையாக வாங்கித் தந்த கார்ட்லெஸ்ஸில் அது வேலை செய்யவில்லை. டெலிபோன் டிபார்ட்மென்ட் கொடுத்த பழைய கனமான போனில்தான் செய்தது. ரிசீவரைக் காதில் வைக்காமல் காதுக்குப் பின்னால் வைக்கவேண்டும். டியூப்லைட் எரிந்தால் அதன் இரைச்சலும் சேர்ந்து வந்துவிடும். அதனால் லைட்டை அணைத்து, டிவியை நிறுத்திவிட்டுத்தான் போன்.

முதலில் தெரிந்த குரலில், தெரிந்த சொற்களில் பழகச் சொல்லி சென்னை ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். ஐம்பது சொற்கள் எழுதினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். முதலாளியிடம் சொல்லிவிட்டு அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவார். தினமும் நான்கு மணிக்கு, முனிச்சாலை முக்கில் இருந்த அருள்பாண்டியின் எஸ்டிடி பூத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் போடுவேன். நான் ஒரு சொல் சொல்ல, அவர் திருப்பிச் சொல்வார்.

அருள்பாண்டி நாலு நாள் பொறுத்துப் பார்த்தான்.

"யக்கா, தெனம் வாரீங்க. 'தக்காளி, செவ்வாக்கெழம, விளக்குத்தூண்'ங்கிறீங்க, வச்சுர்றீங்க. அண்ணனுக்குக் கடைக்குப் போற லிஸ்டா, இல்ல ஏதும் மந்திரமா?"

"பரீட்சைப்பா."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அப்ப பூத்துக்காரனுக்கும் ஒரு பாஸ் மார்க் போட்டு விடுங்க. எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும்.

மூன்று வாரத்தில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தார். அந்த ஞாயிறு லைட்டை அணைத்து, ரிசீவரை அவரிடமே கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். "ஆமா, ஆமா" என்று சிரித்துச் சிரித்துப் பேசினார். பத்து நிமிடம் கழித்து என்னிடம் நீட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா," என்றாள் ரம்யா, "அப்பாவுக்கு ஒண்ணும் கேக்கலம்மா. வேலைய விட்டுட்டேன்ப்பான்னு சொல்றேன், 'நல்லது, நல்லது'ங்கிறாரு."

அவள் வேலையை விட்டது எனக்கே அப்போதுதான் தெரியும்.

மறுநாள் பூத்தில் தாளை அருள்பாண்டியிடம் கொடுத்து, நடுவிலிருந்து வாசிக்கச் சொன்னேன். ஐம்பதில் ஒன்பதுதான் சரி. அருள்பாண்டி எந்தச் சொல்லில் ஆரம்பித்தாலும் இவர் முதலில் தக்காளி என்றார், அடுத்தது செவ்வாய்க்கிழமை என்றார்.

"என் தமிழ்ல ஏதும் கோளாறா யக்கா? எட்டாப்புல தமிழ்ல நான்தான் மொத மார்க்கு," என்றான். நான் சிரிக்கவில்லை என்றதும் தாளை மடித்து என் கையில் வைத்துவிட்டு, ஒரு டீ சொல்லட்டுமா என்று கேட்டான்.

வீட்டில் அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏமாத்தல சுந்தரா. எனக்கே தெரியல. கேட்டுச்சுன்னுதான் நெனச்சேன்."

அன்று மாலைதான் இன்னொன்றும் புரிந்தது. சென்னையில் அவருக்குப் பயிற்சி கொடுத்தது தமிழில். நான் எழுதிய பட்டியலும் தமிழ். எங்கள் பேச்சு வாயோடு சரி. எழுத்தும் உண்டு என்பார்கள், ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மளிகைச் சீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை, எழுதுவதென்றால் எங்களுக்குத் தமிழ்தான். பேனா எடுத்ததும் தமிழ் வந்துவிட்டது. மகள் போனில் பேசப்போவது சௌராஷ்டிரத்தில்தான் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

ரம்யாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவள் அப்பாவிடம் தமிழில் பேசினாள், நிறுத்தி நிறுத்தி, பாடம் ஒப்பிப்பதுபோல. பாதிக்கு மேல் அவருக்கு விளங்கியது. சரியாகப் பதிலும் சொன்னார். போனை வைத்துவிட்டு எழுந்து லைட்டைப் போட்டார்.

"நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா பேங்குல இருந்து ஒரு பொண்ணு பேசுற மாதிரி இருந்துச்சு. எம் பொண்ணு இல்ல அது."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். எங்கள் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். எழுதிப் பார்த்தால் அது வேறு யாருடைய பேச்சோபோல விநோதமாக இருந்தது. தனிச்சொற்களை விட்டுவிட்டு, அவள் சொல்லக்கூடியவற்றை எழுதினேன். இன்று சமைக்கவில்லை. தலை வலிக்கிறது. இங்கே மழை நிற்கவே இல்லை. தூக்கம் வரவில்லை. அந்தத் தாளை அவருக்குக் காட்டவில்லை. நான் பாதி நாள் போனேன். மீதி நாள் எதிர்வீட்டுக் காவ்யஸ்ரீ போனாள். அவளும் எங்கள் பேச்சுக்காரிதான், ரம்யாவைப்போல மெல்லிய குரல். வரிசையை மாற்றி மாற்றி வாசிப்பாள். நடுவில் தானாக ஏதாவது சொல்லிக் குழப்புவாள்.

அவருக்கு ஒரே ஒரு விதி வைத்தோம். விளங்காவிட்டால் ஆமா சொல்லக்கூடாது. "கேக்கல, திருப்பிச் சொல்லு" என்று சொல்லவேண்டும்.

காது பழகியது. அந்த வார்த்தைதான் வரவில்லை. இருபது வருடம் போன் மேஜையில் இருந்தவரால் அதைச் சொல்ல முடியவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் கனைப்பார், சும்மா இருப்பார், ஊகித்து எதையாவது சொல்வார். காவ்யஸ்ரீ விடமாட்டாள்.

"பெரியப்பா, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"மழைன்னு..."

"இல்ல. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன். அருள்பாண்டி அண்ணன் கடைய அடைக்கணும்னு நிக்கிறாரு."

மழைக்காலம் முழுவதும் இப்படியே போனது. பூத்துக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து எனக்குக் கால் வீங்கியது. கூர்ந்து கேட்டுக் கேட்டு அவருக்குத் தினமும் தலைவலி. எட்டு மணிக்கெல்லாம் இயந்திரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. சில நாள் எனக்கும் அது போதும் என்றிருந்தது.

2004 மாசியில் ஒரு ஞாயிறு. போன் வந்ததும் நான் லைட்டை அணைத்துவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தேன். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. முதலில் சாப்பாடு, வெயில். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.

"கேக்கல. திருப்பிச் சொல்லு."

சற்றுப் பொறுத்து, "இப்பவும் கேக்கல. மெதுவாச் சொல்லு."

மூன்றாம் முறையும் கேட்டார். நான்காம் முறையும் கேட்டார். எனக்கு எழுந்து போய் ரிசீவரைப் பிடுங்கவேண்டும்போல இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ம்," என்றார். "அது உன் தப்பு இல்ல."

பிறகு அவர் குரல் தணிந்தது. காது போன நாளிலிருந்து அவருக்குக் குரலைத் தணிக்கத் தெரியாது. பக்கத்து வீடு வரை கேட்கும்படிதான் பேசுவார். அன்று வாசல்படிக்குக்கூட ஒன்றும் வரவில்லை. அப்படி இருபது நிமிடம் இருந்திருக்கும்.

போனை வைத்த சத்தம் கேட்டு உள்ளே போனேன்.

"என்ன சொன்னா?"

"நல்லாருக்காளாம்," என்றார்.

எத்தனை ஞாயிறு நான் அவரிடம் சொன்ன வார்த்தை அது. அதே முகத்தோடு சொன்னார். மேலே நான் கேட்கவில்லை. தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.

போன் மேஜைக்கு அவர் திரும்பவில்லை. அதை முதலாளியிடம் கேட்கவும் இல்லை. கடைசிவரை விலாசம்தான் எழுதினார். ஞாயிறு ஏழு மணி மட்டும் அவருடையது. எனக்கு வேண்டுமென்றால் திங்கட்கிழமை நானே ரம்யாவுக்குப் போன் செய்துகொள்வேன்.

2009 கார்த்திகையில் மாரடைப்பு. பத்தாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ரம்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னைக்கு அப்பாகிட்ட என்ன சொன்னேன்னு உங்ககிட்ட சொல்லவா?"

"வேண்டாம்," என்றேன். "அது அவர்கிட்ட சொன்னது."

அவள் தலையை ஆட்டினாள்.

"நாலு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாரும்மா. மொத தடவை அழுதுக்கிட்டே சொன்னேன். நாலாவது தடவை சொல்றப்ப, எனக்கே அம்புட்டுப் பெருசாத் தெரியல."